வெந்நீர்ச் செலவு: ஒரு நூற்பாவும் தீவக உரையும்

பணமும் தோளும் துயிலும் என்றாங்கு
அம்மூன் றல்லது புகலிடம் இல்லை
வெந்நீர்க் காகும் செலவினுக் கென்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், வீட்டில் தண்ணீர் சுடவைக்க ஆகும் செலவைக் குறைக்கப் புறப்படுபவர், கடைசியில் அதை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைக்கிறார் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவும் என்னுடையது, உரையும் என்னுடையது. தாமே நூல் செய்து தாமே உரை எழுதுவதற்குத் தமிழில் முன்மாதிரி உண்டு. இலக்கண விளக்கம் செய்த வைத்தியநாத தேசிகர் அப்படித்தான் செய்தார். அதைச் சிதறடிக்கச் சிவஞான முனிவர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ எழுதினார். எனக்கு அந்தப் பயம் இல்லை. வெந்நீர் விஷயத்தில் புலவர்கள் வாதத்துக்கு வருவதில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் ஆய்வுக் களம். தீவகம் என்று ஒரு பெயரால் சொன்னாலும், வெந்நீர் ஆராய்ச்சிக்கு அது இரண்டாகப் பிரியும். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய இடங்களுக்கு றோட்டு இருக்கிறது. மின்சாரம் கம்பியில் வரும். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குக் கடல்தான் றோட்டு. அங்கே மின்சாரம் பெரும்பாலும் டீசலாகக் கடல் கடந்து வந்து, கரையிறங்கி, இயந்திரத்துக்குள் போய், அதற்குப் பிறகுதான் மின்சாரம் ஆகும். ஆனால் பில்லில் கொழும்புக்காரருக்குப் போடும் அதே கட்டணந்தான். ஆகவே நெடுந்தீவில் ஒருவர் மின்கேத்திலின் ஆளியை அழுத்தும்போது, கொதிக்கும் செலவில் அவருடைய பங்கு சிறிது, மின்சார சபையின் பங்கு பெரிது. இந்த உண்மையை அங்கே உரத்துச் சொல்வது சபைக்கு நல்லதல்ல.

அடுத்தது கணக்கு. கணக்கு இல்லாத ஆராய்ச்சியை ஒருவரும் மதிக்கமாட்டார்கள். தண்ணீரின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு ஒரு பாகைக்கு 4.19 கிலோயூல். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் ஏறக்குறைய 28 பாகையில் கிடக்கிறது. ஒரு லீற்றரை அங்கிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 300 கிலோயூல் வேண்டும். மின்சாரத்தில் ஒரு யூனிற்றின் பன்னிரண்டில் ஒரு பங்கு. கேத்தில் வீணாக்குவதையும் சேர்த்தால் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். குளிக்க ஒரு வாளி, அதாவது 20 லீற்றரை, உடம்பு பொறுக்கும் 40 பாகைக்குக் கொண்டுவர 1,000 கிலோயூல். முழு வாளியையும் அடுப்பில் ஏற்றத் தேவையில்லை. 3⅓ லீற்றரைக் கொதிக்க வைத்து, மிச்சத்தைக் கிணற்றுத் தண்ணீராக விட்டு விளாவினால் அதே 40 பாகை வந்துவிடும். இதை நிறுவப் பாடசாலையில் எனக்கு இரண்டு பாட வேளை எடுத்தது. அம்மம்மா முழங்கையை வாளிக்குள் விட்டுக் கண்டுபிடித்துவிடுவார்.

சமையல் வாயுவிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் உள்ள வெப்பத்தில் பாதி பாத்திரத்தைச் சேர்கிறது என்று கொண்டால், அது ஏறக்குறைய 950 லீற்றரைக் கொதிக்க வைக்கும். 2021 ஐப்பசிக்கு முன் அந்தச் சிலிண்டரின் கொழும்பு விலை 1,493 ரூபா. ஒரு லீற்றர் கொதிதண்ணி 1 ரூபா 57 சதம். 2022 சித்திரையில் விலை 4,860 ரூபா ஆனது. லீற்றர் 5 ரூபா 12 சதம். அதுவும் கடதாசிக் கணக்குத்தான். வைகாசியிலும் ஆனியிலும் எந்த விலைக்கும் சிலிண்டர் இல்லை. கொழும்பில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் நிறுத்திவிட்டு, மனிதர்கள் பக்கத்து மர நிழலில் காத்திருந்தார்கள். பிறகு மின்சாரம்: 2022 ஆவணியில் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 மாசியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய மூன்று மடங்கு. பின்னர் கட்டணம் இறங்கியது உண்மை. ஆனாலும் மின்கேத்திலைக் கண்டால் முகம் சுழிக்கும் பழக்கம் வீடுகளில் தங்கிவிட்டது.

அந்த நாட்களில் தீவகம் பெரிதாக அசையவில்லை. அதற்குக் காரணம் தத்துவம் அல்ல, பனை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாகி, ஜாம் போத்தலில் திரிபோட்டுப் படித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு 2022 ஒரு மீட்டல் வகுப்பு.

பனை எரிபொருளைத் தனியாக வகுத்து ஆராய வேண்டும், ஏனெனில் பல்கலைக்கழகங்கள் இதைத் தொட்டும் பார்க்காது. பன்னாடை ஒரே நெருப்புக்குச்சியில் பிடிக்கும். அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. காவோலை சடசடவென்று அடுப்பை மீறி எழும்பும், திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பல். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு அதுபோல விரைந்த எரிபொருள் இல்லை. ஆனால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். படலையில் ஆரும் கூப்பிட்டால் எழும்பிப் போகேலாது. மட்டை நின்று எரியும். கங்குமட்டையும் கொக்கறையும் அதைவிட நிதானம். ஊமல், அதாவது பனங்கிழங்கு கிண்டி எடுத்த பிறகு எஞ்சும் கொட்டை, பிடிக்கப் பிடிவாதம் பிடிக்கும். பிடித்துவிட்டால் தணலாக நெடுநேரம் கிடக்கும். ஊமல் தணலில் இரவு கேத்திலை வைத்துவிட்டுப் படுத்தால், நடுச்சாமத்தில் பிள்ளைக்குப் பால்மாக் கரைக்கச் சூட்டுக்குக் குறைவில்லை. தென்னை உள்ள வளவுகளில் சிரட்டையும் பாளையும் பொச்சுமட்டையும் இந்த வரிசையில் சேரும். பொச்சுமட்டை தண்ணீரைவிடச் சமைப்பவரின் கண்ணைத்தான் முதலில் சூடாக்கும்.

திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு, பாத்திரத்துக்குப் போகும். மிச்சம் குசினிக் கூரைக்கும் வானத்துக்கும். அப்படியென்றால் ஒரு லீற்றருக்கு 130 முதல் 190 கிராம் வரை காய்ந்த விறகு. இந்த எண்ணை உறுதிப்படுத்தப் புங்குடுதீவில் ஒரு மூதாட்டியை அணுகினேன்.

“எணை ஆச்சி, ஒரு கேத்தில் கொதிக்க எவ்வளவு விறகு போகும்?”

“ஆர் வைக்கிறது எண்டதைப் பொறுத்தது மேனை. நான் வைச்சா ரெண்டு மட்டை. உவர் வைச்சா ஒரு பனை.”

அந்த ‘உவர்’ திண்ணையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மறுப்பு எதுவும் பதிவாகவில்லை. அடுப்பின் திறன் அடுப்பில் மட்டும் இல்லை என்ற இந்த முடிவு, மேம்படுத்திய அடுப்புகளைப் பற்றி எழுதப்பட்ட பல அறிக்கைகளில் விடுபட்டுப் போனது.

காவோலை சோளகக் காற்றுக்குத் தானாக விழும். அதனால் அது இலவசம் என்று வெளியூரார் எழுதுவார்கள். மரம் ஒரு வளவில் நிற்கும், ஓலை மற்ற வளவில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியாது. விழுந்த ஓலை ஆருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் உறவு முறிந்த குடும்பங்கள் உண்டு. ஊர்காவற்றுறையில் நீதிமன்றம் இருப்பது இதற்காக மட்டுமல்ல; என்றாலும் எல்லைப் பனையின் காவோலையில் கொதித்த தேத்தண்ணியின் விலைக்குள் சட்டத்தரணியின் கட்டணத்தையும் சேர்க்க வேண்டி வரலாம்.

நெடுந்தீவுக்கு வருவோம். வலிகாமத்தில் வேலி என்றால் கிளுவைக் கதியாலும் பனையோலையும் கிடுகும். வேலியடைப்புக்குப் பிறகு பழைய ஓலை முழுவதும் அடுப்படிக்குப் போகும். ஆக அங்கே வேலி என்பது எல்லையாக நிற்கும் விறகு. நெடுந்தீவிலோ வளவு வளவாகப் பவளக்கல்லை அடுக்கி மதில் கட்டியிருக்கிறார்கள். பார்க்க மிக வடிவு. வருகிறவர்கள் எல்லாரும் அதோடு நின்று படம் எடுப்பார்கள். ஆனால் கல்வேலி எரியாது. எத்தனை வருடம் காத்திருந்தாலும் அதிலிருந்து ஒரு கேத்தில் தண்ணீரும் கொதிக்காது. நெடுந்தீவு வெந்நீர் வரலாற்றின் அடிப்படைச் சோகம் இது.

இதற்கு ஈடாக நெடுந்தீவிடம் வேறொரு வளம் இருக்கிறது: குதிரை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தப் புல்வெளியில் கட்டாக்காலியாக மேய்கின்றன. குதிரைக்கும் வெந்நீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் 1798ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இலண்டன் ரோயல் சொசைட்டியில் ரம்போர்ட் பிரபு ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். மியூனிக் நகரப் பீரங்கிப் பட்டறையில், மழுங்கிய துளைகருவி ஒன்றைப் பீரங்கி உலோகத்தின்மீது அழுத்தி, குதிரைகளைக் கொண்டு உருளையைச் சுழற்றினார். அதைச் சுற்றி ஒரு பெட்டியில் ஏறக்குறைய 8½ லீற்றர் தண்ணீர். இரண்டரை மணித்தியாலத்தில் அந்தத் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் கொதித்த தண்ணீரைக் கண்டு கூடியிருந்தவர்கள் வாய் பிளந்தார்கள். வெப்பம் ஒரு பொருள் அல்ல, இயக்கம் என்ற கொள்கைக்கு வழி திறந்த பரிசோதனைகளில் அது ஒன்று.

ஐரோப்பியர் இதிலிருந்து இயற்பியலை எடுத்துக்கொண்டார்கள். குளிப்பைக் கவனிக்கவில்லை. ரம்போர்ட் கணக்கின்படி ஒருவர் குளிக்கத் தேவையான 3⅓ லீற்றர் கொதிநீருக்கு அந்தக் குதிரைகள் ஒரு மணித்தியாலம் சுற்ற வேண்டும். நெடுந்தீவில் நூற்றுக்கணக்கான குதிரைகள் வேலையின்றித் திரிகின்றன. திட்ட முன்மொழிவு எழுதி முடிக்கும் தறுவாயில்தான் ரம்போர்ட்டின் கட்டுரையில் ஓர் இடம் கண்ணில் பட்டது. குதிரை தின்னும் தீனியையே எரித்திருந்தால் இதைவிடக் கூடுதல் வெப்பம் கிடைத்திருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பரிசோதனையையும் அதற்கான கண்டனத்தையும் ஒரே கட்டுரையில் எழுதிய நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். நமது திட்டத்துக்கு வேறொரு தடையும் இருந்தது. கடும் கோடையில் நெடுந்தீவுக் குதிரைகள் குடிக்கத் தண்ணீரின்றிச் சாகின்றன. குடிக்கவே இல்லாத பிராணியிடம் நாம் குளிக்கச் சுடவைத்துத் தா என்று கேட்பது முறையல்ல.

தண்ணீர் என்று வந்ததால் உவர்நீரையும் தொட்டுவிடுகிறேன். சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் மெல்லிய படலமாக மிதக்க, அதன் கீழே கடல் காத்துக்கொண்டிருக்கும் நிலம் இது. நல்ல தண்ணீருக்கு வேலணைப் பக்கத்தில் சாட்டி, நெடுந்தீவில் சாராப்பிட்டி என்று சில இடங்கள்தான் பெயர் சொல்லும்படி இருக்கின்றன. இதில் விஞ்ஞானம் தரும் ஆறுதல் ஒன்று: உப்பு நீரின் தன்வெப்பக் கொள்ளளவு நன்னீரைவிடக் குறைவு. கடல்நீரைச் சூடாக்கினால் கிலோவுக்கு நூற்றுக்கு 4, 5 பங்கு சக்தி மிச்சம். குளித்து முடித்ததும் உடம்பில் படிந்த உப்பைக் கழுவ இன்னொரு வாளி நன்னீர் வேண்டும் என்பதால் இந்தச் சேமிப்பு முறை பரவவில்லை.

சுண்ணக்கல் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். கரைந்திருந்த சுண்ணாம்பு சூட்டில் கல்லாகிறது. அடுப்பில் வைக்கும் கேத்திலில் இந்தத் தோல் நெருப்புக்கும் தண்ணீருக்கும் இடையில் நின்று நேரத்தைத் தின்னும். மின்கேத்திலில் வெப்பத்துக்கு வேறு போக்கிடம் இல்லாததால் பில் அதிகம் மாறாது, ஆனால் சூடாக்கும் கம்பி சீக்கிரம் எரிந்துபோகும். புளியையோ தேசிக்காயையோ போட்டு ஒருமுறை கொதிக்க வைத்து ஊற்றினால் தீர்ந்தது. இவ்வளவுதான் இதற்கு மரியாதை.

மூடிக்கு அதைவிட மரியாதை கொடுக்க வேண்டும். வெந்நீர்ச் செலவைக் குறைக்க மனித இனம் கண்டுபிடித்தவற்றுள் மிக மலிவானது மூடி. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 300 கிலோயூல் என்றேன். அதே லீற்றரை ஆவியாக்கி அனுப்ப 2,257 கிலோயூல், ஏழரை மடங்கு. திறந்த பானையில் கொதிக்கும் முன்னரே ஆவி கிளம்பிவிடுகிறது. கொதித்த பிறகும் ‘நல்லாக் கொதிக்கட்டும்’ என்று விட்டு வைப்பவர் தண்ணீரை மேலும் சூடாக்கவில்லை; கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு தள்ளினாலும் 100 பாகைக்கு மேலே போகாது. வாசலுக்கு வந்த விருந்தாளியோடு கதைத்துவிட்டு வர அரைக் கேத்தில் வற்றியிருக்கிறது என்றால், அந்தக் கதையின் விலை அடுத்த மூன்று கேத்தில்களின் விலைக்கு மேல். ஆனாலும் நமது குசினிகளில் கேத்திலுக்கு அதன் சொந்த மூடி இருக்காது. அது சீனிப் போத்தலையோ தயிர்ச் சட்டியையோ எறும்பிடமிருந்து காத்துக்கொண்டிருக்கும். கேத்தில் தலையில் ஒரு தேநீர்ப் பீரிஸ் கவிழ்ந்திருக்கும். பீரிஸ் இல்லாமல் கோப்பை கொடுக்க வேண்டி வரும். இப்படியே ஒவ்வொன்றும் மற்றொன்றின் இடத்தில்.

சுடுதண்ணிப் போத்தல் இதே குடும்பம். ஜேம்ஸ் டூவார் 1892இல் ஆய்வுகூடத்துக்காக வெற்றிடக் குடுவையைச் செய்தார், காப்புரிமை எடுக்கவில்லை. ஜெர்மன்காரர் அதைத் தேர்மஸ் என்று விற்றார்கள். வழக்குப் போட்டும் அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைக்காத பயன் முழுவதும் நமக்குக் கிடைத்தது. காலையில் ஒருமுறை கொதிக்க வைத்துப் போத்தலில் அடைத்தால், பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் அடுப்பு மூட்டத் தேவையில்லை. ஆசுப்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் பூப்போட்ட போத்தல் இல்லாமல் வந்தால், அவரை உறவினர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி இந்த ஆராய்ச்சியின் முக்கிய முடிவு. தீவகத்தில் குளிக்க வெந்நீர் தேவையே இல்லாமல் இருந்தது. தேவையை நாம்தான் உண்டாக்கினோம்.

எப்படி எனின்: மார்கழி, தைக் கூதலில் விடியற்காலைக் காற்று 22, 23 பாகைக்கு இறங்கும். கிணற்றுத் தண்ணீர் அப்போதும் 28 பாகையில் நிற்கும், ஏனெனில் மண் பருவத்தைப் பார்த்து ஓடுவதில்லை. கப்பியில் இழுத்து அப்படியே தலையில் வார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும்; கிணற்றுக்கு மேலே மெல்லிய ஆவி நிற்பதும் தெரியும். கூதலில் நடுங்கிப் போனவர்கள் வாளி தலையில் கவிழ்ந்ததும் நடுக்கம் நின்று, இரண்டாம் வாளிக்கு அவசரப்பட்டார்கள். நடுக்கம் திரும்ப வருவது குளித்து முடிந்து துவாயைத் தேடும் இடத்தில்தான். பிறகு மோட்டர் வந்தது. கூடவே கொங்கிறீற்றுத் தூணுக்கு மேலே கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி வந்தது. பின்னேரம் தாங்கியை நிரப்புகிறோம். இரவு முழுவதும் வாடைக்காற்று அதைத் தடவித் தடவி 22 பாகைக்கு இறக்குகிறது. காலையில் குழாயைத் திறந்தவர் அலறுகிறார். ஆகவே கீசர் வேண்டும். நிலம் இலவசமாகச் சூடாக வைத்திருந்த தண்ணீரைக் காசு கொடுத்து மேலே ஏற்றி, காற்றில் ஆறவைத்து, மறுபடி காசு கொடுத்துச் சூடாக்குகிறோம்.

அந்தத் தாங்கியே வைகாசி மத்தியானத்தில் கைவைக்க முடியாத கொதிதண்ணியைத் தருகிறது. அப்போது அதைக் கேட்பார் இல்லை.

பரிகாரம் எளிது. தாங்கியை இரவில் வெறுமையாக விட்டு, விடிய ஐந்து மணிக்கு மோட்டரைப் போட வேண்டும். 28 பாகைத் தண்ணீரில் தொடங்கினால் 40க்கு 12 பாகை. ஆறிய 22 பாகையில் தொடங்கினால் 18. மூன்றில் ஒரு பங்கு லாபம். ஏற்றுவதற்கான செலவோ ஒன்றுமே இல்லை: 20 லீற்றரைப் பத்து மீற்றர் உயர்த்த 2 கிலோயூல், அதே தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 84 கிலோயூல்.

அற்றேல் அஃதாக, நூற்பாவில் ‘தோளும்’ என்றது எற்றுக்கெனின், மேற்சொன்ன கணக்கின் குற்றத்தைக் காட்டுதற்கு என்க. நாலு மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து ஒரு பெண் 20 லீற்றர் அள்ளினால், இயற்பியல்படி அவர் செய்த வேலை 0.8 கிலோயூல். அந்த வாளியை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு சூடாக்கக்கூட அது போதாது. யூலில் அளந்தால் தோளுக்கு மதிப்பே இல்லை. நல்ல தண்ணீர்க் கிணறு அரைக் கட்டை தள்ளி இருந்தாலும், இடுப்பில் குடமும் கையில் வாளியும் கொண்டு மணலில் நடந்தாலும், விழுந்த காவோலையைப் பொறுக்கிக் கட்டித் தலையில் வைத்து வந்தாலும், எந்தப் பில்லிலும் அது ஏறாது. ‘நாங்கள் விறகுக்குக் காசு குடுக்கிறேல்லை’ என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில், சொல்பவர் ஒருவர், பொறுக்குபவர் இன்னொருவர் என்பதைக் கள ஆய்வில் திரும்பத் திரும்பக் கண்டேன். காசில் குறைந்தது தோளில் கூடியிருக்கிறது. தோளில் குறைக்க மோட்டரும் கீசரும் வாங்கினால் காசில் கூடும். இடையில் காணாமல் போகும் செலவு என்று ஒன்றை நான் காணவில்லை.

ஒரே பெரிய பாத்திரத்தில் ஊருக்கே சுடவைத்தால் என்ன என்ற கேள்வி வரும். விஞ்ஞானம் அதற்குச் சாதகம். பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு, வெப்பம் தப்பும் மேற்பரப்பு நாலு மடங்கு. லீற்றருக்கு இழப்பு பாதியாகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானக் கிடாரங்களைப் பார்த்தவருக்கு இது விளங்கும். அந்தத் தீவையே மணிமேகலையில் வரும் மணிபல்லவம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அங்கே கோமுகிப் பொய்கையில் கிடைத்த அமுதசுரபி, அடுப்பும் விறகும் இல்லாமல் அள்ள அள்ளச் சோறு தந்தது. எரிபொருட் செலவே இல்லாத சமையல் பாத்திரம் என்றால் தமிழிலக்கியத்தில் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். வெந்நீரும் தருமா என்று சாத்தனார் சொல்லாமல் விட்டுவிட்டார். ஊர்க் கிடாரத் திட்டத்தைப் பொறுத்தவரை, முதல் வாளி ஆருக்கு என்ற இடத்தில் பேச்சுவார்த்தை முறியும். கோயில் காளாஞ்சி வரிசையைக் கண்டவர்கள் இதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

முழுவதும் இலவசமான வெந்நீர் நாட்டில் இல்லாமல் இல்லை. திருகோணமலைக் கன்னியாவில் ஏழு கிணறுகளில் அது தானாக ஊறுகிறது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியது என்பார்கள். நெடுந்தீவிலிருந்து அங்கே போய்வரும் படகுக்கூலியையும் பஸ் காசையும் கூட்டிப் பார்த்தபோது, இராவணன் வடக்கே கொஞ்சம் தள்ளிக் குத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

இன்னொரு வகைப் பாவனையாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும்: ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வரும் மருமகன். அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 பாகைக்கு இறங்கும். குளிக்க அதை 35 பாகை ஏற்ற வேண்டும், நமக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கு. கனடிய வீடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்கு அடுத்தபடி சக்தியைத் தின்பது தண்ணீர் சுடவைப்பதுதான். அந்தப் பழக்கத்தோடு அவர் புங்குடுதீவில் வந்து இறங்குகிறார். வெளியே 33 பாகை. தாங்கித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வருகிறது. அவர் கேட்கிறார்: “மாமி, ஹொட் வோட்டர் இருக்கோ?” மாமி நீலக் குழாயைத் திறந்துவிட்டு, “இந்தாங்கோ தம்பி” என்கிறார். அது குளிர்தண்ணிக் குழாய் என்பதை மருமகன் அறியமாட்டார். வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடிவீடுகள் சிலவற்றின் கூரையில் சூரியச் சுடுநீர்த் தாங்கியும் ஏறியிருக்கிறது. ஆட்கள் வருவது ஆவணியில் மூன்று கிழமை. மிச்ச நாளெல்லாம் வீடு பூட்டு. கூரையில் தண்ணீர் கொதித்து, ஆறி, மறுநாள் மறுபடி கொதிக்கிறது. எரிபொருட் செலவு பூச்சியம், பாவனையும் பூச்சியம். சேமிப்பில் இதை மிஞ்ச முடியாது.

கடைசியாக வல்லரசுகள். 2021 தையில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியன், காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றைச் சேர்த்த கலப்பு மின்திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க அமைச்சரவை சம்மதித்தது. இந்தியா முறைத்தது. அந்த ஆண்டு முடிவில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நின்றுபோனதாகச் சீனத் தூதரகம் சொன்னது. 2022 பங்குனியில் இந்திய மானியத்தில் செய்ய உடன்படிக்கை வந்தது. 2024 பங்குனியில் பெங்களூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம். மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரியன் 1,700 கிலோவாற்று, காற்று 530, மின்கலம் 2,400 கிலோவாற்று மணி, காத்திருப்பில் டீசல் 2,500. இதை நமது அலகுக்கு மாற்றினால் விஷயம் தெளிவாகும்: நிரம்பிய மின்கலத்தில் 24,000 லீற்றர் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். நல்ல வெயிலில் 850 மின்கேத்தில்களை ஒரே நேரத்தில் அழுத்தலாம். இரண்டு பெரிய நாடுகள் நெடுந்தீவாரின் கேத்திலுக்காக இப்படி முட்டிக்கொண்டது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் சூரியப் பலகை முழு மூச்சில் தருவது மத்தியானம். மத்தியானத்தில் அங்கே எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்.

நூற்பாவில் எஞ்சியது ‘துயிலும்’. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் காலைப் படகைப் பிடிக்க வேண்டியவர், விடியும் முன் எழும்பிக் குளித்தாக வேண்டும். ஐந்து பேருள்ள வீட்டில் முதலில் எழும்புபவர் அடுப்பு மூட்டுகிறார். கண் எரிவதும் தணல் ஊதுவதும் அவருக்கு. மற்ற நாலு பேருக்கும் ஆயத்த வெந்நீர். இப்படியான நிலையில் எல்லாரும் நித்திரை போலக் கிடப்பார்கள் என்று பொருளியல் கோட்பாடு எதிர்பார்க்கும். கள ஆய்வில் கோட்பாடு சரிவந்தது. கேத்தில் மூக்கில் ஆவி தெரியும் வரைக்கும் அறைக்குள் ஆழ்ந்த மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆவி தெரிந்த கணத்தில் குரல் வந்தது:

“அம்மா, தண்ணி கொதிச்சிட்டுதோ?”

“ஓம், கொதிச்சிட்டுது. விளாவ வாளியிலை தண்ணியில்லை. ஆர் கிணத்தடிக்குப் போறியள்?”

இதன் பின் அறைக்குள்ளிருந்து தரவுகள் எதுவும் கிடைக்கவில்லை.